மருந்தடிக்கும் ஊரில் பிள்ளை சுமப்பவர்களுக்கு

என் மகனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பில் உட்காருகிறான், எழுதுகிறான், பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பதில்லை. இதை எழுத முடிவதே எனக்குப் பெரிய விஷயம். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை அவனை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு அப்படி. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. நான், அத்தை, மாமா, கொழுந்தனார் எல்லாரும் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கொல்லைக் கதவைத் திறந்தால் வயல்தான். ஆஸ்பத்திரி, பரிசோதனை, பள்ளிக்கூடம், கடன் என்று எல்லாவற்றுக்கும் நான் தனியாகத்தான் அலைந்தேன். யாராவது முன்பே எடுத்துச் சொல்லியிருந்தால் செலவழிந்த பணத்தில் பாதியும், வீணான ஒன்றரை வருஷமும் மிஞ்சியிருக்கும். வயிற்றில் இருக்கும்போதே யாராவது சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. அதற்காகத்தான், கர்ப்பிணி மேல் படும் பூச்சிமருந்து, புகை, ஈயம் பற்றியும், பிள்ளைக்குப் பேச்சு தாமதமானால், ஓரிடத்தில் உட்காராவிட்டால் என்ன செய்வது என்பது பற்றியும் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் சொன்னதையும், தேடிப் படித்து அவர்களிடமே கேட்டுத் தெளிந்ததையும்தான் சொல்கிறேன்.

2018இல் நான் கர்ப்பம். அந்த வருஷம் மேட்டூர் ஜூலையில்தான் திறந்தார்கள், அதனால் எங்கள் பக்கம் குறுவை இல்லை, நேராகச் சம்பாதான். நடவு முடிந்ததும் இலைச் சுருட்டுப் புழு, அப்புறம் குருத்துப்பூச்சி, கதிர் வரும் நேரத்தில் புகையான் என்று ஒன்று மாற்றி ஒன்றுக்கு மருந்து அடித்துக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் அடிக்காத நாளில் பக்கத்து வயலில் அடிப்பார்கள். பவர் ஸ்பிரேயர் சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் அந்த நெடி அடுப்படி வரைக்கும் வந்துவிடும். எனக்கு அப்போது மசக்கை. நெடி பட்டாலே வாந்தி வரும். எல்லாரும் அதை மசக்கை என்றே எடுத்துக்கொண்டார்கள், நானும்தான். கொழுந்தனார் மருந்தடித்துவிட்டு வந்து கழற்றிப் போடும் சட்டையையும் கைலியையும் மற்றத் துணிகளோடு சேர்த்து நான்தான் துவைப்பேன். மருந்து டப்பாக்கள் மாடிப்படிக்குக் கீழே, நெல் மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அப்படித்தான். மாசா மாசம் நர்ஸம்மா வருவார், எடை பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார். பப்பாளி சாப்பிடாதே என்று தெருவே சொன்னது. மருந்து நெடி படாமல் இரு என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தது. எனக்கு ஐந்து மாதம் முடியும் சமயம். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. தெருவில் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்ற டீசல் ஜெனரேட்டர் கொண்டுவந்து வைத்தார்கள். அது எங்கள் வாசலுக்கு நேர் எதிரே. விழுந்த தென்னையையும் மட்டையையும் ஆங்காங்கே குவித்துக் கொளுத்தினார்கள். கேஸ் சிலிண்டர் வரவில்லை, விறகடுப்பில்தான் சமையல், ஈர விறகு வேறு. ராத்திரி ஃபேன் இல்லாததால் கொசு பிய்த்தெடுத்தது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கட்டிலடியில் கொசுவத்திச் சுருள் வைத்துப் படுத்தோம். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்த மாதத்தில் உயிரோடு இருந்ததே பெரிது. ஆனால் அதே மாதங்களில்தான் வயிற்றுக்குள் பிள்ளையின் மூளை வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பின்னால் படித்தபோது, அன்றைக்குச் சுவாசித்த புகையெல்லாம் மறுபடியும் தொண்டையில் வந்து நின்றது.

மகன் 2019 மார்ச்சில் பிறந்தான். சுகப்பிரசவம், எடை சரியாக இருந்தது. ஒரு வயது ஆகும்போது ஊரடங்கு. இரண்டு வயதில் பத்து வார்த்தை கூடத் தேறவில்லை. ஓரிடத்தில் உட்காரமாட்டான். சோறு ஊட்ட அவன் பின்னாலேயே தெருத் தெருவாக ஓட வேண்டும். கதவு திறந்திருந்தால் நேராகப் போர் செட்டுத் தொட்டிக்கு ஓடுவான், ஆழம் தெரியாத பிள்ளை. கேட்டது கிடைக்காவிட்டால் தலையைத் தரையில் முட்டுவான், என் தோளைக் கடிப்பான். ராத்திரி பதினொன்றுக்கு முன் தூங்கியதே இல்லை. “அப்பா கூட இல்லாத பிள்ளை அப்படித்தான் இருக்கும்”, “நீ செல்லம் குடுத்துக் கெடுக்குற”, “போனக் கையில குடுத்தா வேற எப்படி இருக்கும்” என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கொரோனா காலத்துப் பிள்ளைகள் எல்லாருமே லேட்டாகத்தான் பேசுவார்கள் என்றும் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒரு வருஷம் போனது. மூன்றரை வயதில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்தேன். கட்டணம், புத்தகம், சீருடை, வேன் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். இரண்டு மாதத்தில், மற்றப் பிள்ளைகளை அடிக்கிறான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பணம் திரும்பி வரவில்லை. அன்றைக்கு வேனில் இருந்து அவனை இறக்கிக்கொண்டபோது எனக்கு அவன் மேல் வந்த கோபமும், அடுத்த நிமிஷமே என் மேல் வந்த கோபமும் யாரிடமும் சொல்லக்கூடியவை அல்ல.

அதன் பிறகுதான் ராத்திரிகளில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கலிபோர்னியாவில் சலினாஸ் பள்ளத்தாக்கு என்று கீரையும் ஸ்ட்ராபெரியும் விளையும் ஒரு பகுதி. அங்கே பண்ணைக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 600 கர்ப்பிணிகளை 1999, 2000ஆம் ஆண்டுகளில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். அவர்கள் சிறுநீரில் ஆர்கனோ பாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் எச்சம் எவ்வளவு என்று அளந்து, பிறந்த பிள்ளைகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். எச்சம் அதிகமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் 5 வயதில் கவனக்குறைவு கூடுதலாகத் தெரிந்தது, அதிலும் ஆண் பிள்ளைகளிடம். 7 வயதில் வைத்த நுண்ணறிவுச் சோதனையில், எச்சம் மிக அதிகமான பிரிவுக்கும் மிகக் குறைவான பிரிவுக்கும் சராசரியாக 7 புள்ளி வித்தியாசம். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2006இல் வெளியிட்டது இன்னொன்று. அங்கே வயல் இல்லை, வீட்டில் கரப்பான்பூச்சிக்கு அடித்த குளோர்பைரிபாஸ்தான், அதுவும் அதே ஆர்கனோ பாஸ்பேட் வகைதான். தொப்புள்கொடி ரத்தத்தில் அது அதிகமிருந்த பிள்ளைகளுக்கு 3 வயதில் வளர்ச்சி பின்தங்கலும் கவனச் சிதறலும் அதிகம் இருந்தன. அதே நகரத்தில் கர்ப்பிணிகளின் முதுகில் காற்றை அளக்கும் கருவி வைத்த பையை இரண்டு நாள் மாட்டிவிட்டும் பார்த்திருக்கிறார்கள். டீசல், விறகு, குப்பை எதை எரித்தாலும் வரும் ஒரு வகைப் புகைப்பொருள் கூடுதலாக இருந்தவர்களின் பிள்ளைகளிடம் 6, 7 வயதில் பதற்றமும் கவனக்குறைவும் கூடியிருந்தன.

குளோர்பைரிபாஸ் என்ற பெயரைப் படித்ததும் எழுந்து போய் மாடிப்படிக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தது. விடியும் வரை அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்த மனநிலையில் இருப்பவர்களிடம் எதையும் விற்றுவிடலாம் என்பதை அடுத்த சில மாதங்களில் நன்றாகவே புரிந்துகொண்டேன்.

வெளியூரில் ஒரு தனியார் மையம். பெயர் வேண்டாம். “உடம்புல தேங்கின நச்ச எடுத்துட்டா பிள்ளை நார்மல் ஆயிடுவான்” என்று நேருக்கு நேர் சொன்னார்கள். பிள்ளையின் முடியைக் கொஞ்சம் வெட்டி எடுத்து அனுப்பினார்கள், பரிசோதனைக் கட்டணம் 7,500 ரூபாய். வந்த தாளில் பாதி வரிகள் சிவப்பு. பாதரசம், ஈயம், அலுமினியம், என்னென்னவோ. அதைக் காட்டி மூன்று மாதத்துக்கு ஒரு திட்டம் போட்டார்கள்: சொட்டு மருந்து, பொடி, காலை ஊறவைக்கும் உப்பு, பால் கூடாது, கோதுமை கூடாது. மொத்தம் 54,000 ரூபாய். என் இரண்டு பவுன் செயினை அடகு வைத்தேன். பிள்ளைக்கு வயிறு கெட்டு எடை இறங்கியதுதான் மிச்சம். முன்பு பாலும் சோறும் என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அதையும் விட்டான். கேட்டால், நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், இன்னொரு மூன்று மாதம் தொடருங்கள் என்றார்கள்.

இதை நிறுத்தியது எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு ஒரு மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கும். பிறந்தது முதல் 18 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கான அரசுத் திட்டம் அது, 2013இலிருந்து இருக்கிறது. வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்திலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அந்த மையம் இருக்கும். குழந்தை மருத்துவர், மனநல ஆலோசகர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் இலவசமாகப் பார்க்கலாம். இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. தனியாரில் ஒரு பயிற்சிக்கு 500 ரூபாய் கேட்டார்கள். பிள்ளையின் பேச்சிலோ நடத்தையிலோ சந்தேகம் என்றால் முதலில் இங்கே போங்கள். கூட்டம் இருக்கும், ஒரு நாள் முழுக்கப் போய்விடும், ஆள் மாறிக்கொண்டும் இருப்பார்கள். இருந்தாலும் போங்கள். போகும்போது பிள்ளை வீட்டில் நடந்துகொள்வதைப் போனில் எடுத்துக்கொண்டு போவது ரொம்ப உதவும். டாக்டர் முன்னால் பல பிள்ளைகள் சாதுவாக உட்கார்ந்துவிடும்.

அங்கே இருந்த டாக்டரம்மா நான் கொண்டுபோன தாள்களைப் பொறுமையாகப் பார்த்தார். “இந்தப் பரிசோதனைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா” என்றார். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஆர்கனோ பாஸ்பேட் மருந்துகள் உடம்பில் தேங்கி வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பவை அல்ல. சில நாளில் சிறுநீரில் போய்விடும். நான்கு வயதுப் பிள்ளையிடம் இன்றைக்கு எதை அளந்தாலும், வயிற்றில் இருந்தபோது எவ்வளவு பட்டது என்று தெரியாது. அன்றைக்குப் பட்டது இன்றைக்கு வெளியே எடுக்க உள்ளே இல்லை. பாதிப்பு ஏதாவது நடந்திருந்தால் அது மூளை வளர்ந்த விதத்தில் இருக்கும், அதற்குச் சொட்டு மருந்து கிடையாது, பயிற்சிதான் உண்டு. அந்த மருந்து பூச்சியின் நரம்பில் எந்த நொதியை முடக்குகிறதோ அதே நொதி நம் நரம்பிலும் இருக்கிறது. பெரியவர் உடம்பு ஓரளவு அதைச் சிதைத்துத் தள்ளிவிடும், கருவில் இருக்கும் பிள்ளைக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதனால்தான் கர்ப்ப காலத்துக்கு இவ்வளவு கவனம்.

“அப்ப இது அந்த மருந்தாலதானா டாக்டர்?” என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே அத்தனை தூரம் போயிருந்தேன் என்று சொல்லலாம். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆய்வுகள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துச் சராசரியைச் சொல்கின்றன, ஒரு தனிப் பிள்ளையைக் காட்டி இவனுக்கு இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அப்புறம் வீட்டுக்காரர் சின்ன வயதில் எப்படி என்று கேட்டார். அத்தையிடம் அங்கிருந்தே போன் போட்டுக் கேட்டேன். “அவனா? வாத்தியார் பெஞ்சுல கட்டி வச்சுத்தான் பாடம் நடத்துவாரு” என்றார். கவனக்குறைவும் துறுதுறுப்பும் குடும்பத்தில் வருவது மிக அதிகம், அதன் மேல் புகையோ மருந்தோ ஈயமோ இரும்புச்சத்துக் குறைவோ கொஞ்சம் கொஞ்சம் கூட்டலாம் என்றார். நான் எதிர்பார்த்துப் போன பதில் இல்லை அது. ஆனால் அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு ராத்திரி தூங்கினேன்.

முதலில் செய்யச் சொன்னது காது பரிசோதனை. பேச்சு தாமதமாகும் எந்தப் பிள்ளைக்கும் இதுதான் முதல் படி, இத்தனை பேரிடம் காட்டியும் ஒருவரும் அதுவரை சொல்லவில்லை. காது நன்றாக இருந்தது. அடுத்தது ரத்தத்தில் இரும்புச்சத்தும் ஈயமும். ஹீமோகுளோபின் 9.4தான் இருந்தது. ஈயம் தனியார் ஆய்வகத்தில் பார்த்தது, 1,800 ரூபாய் ஆனது. ரத்தத்தில் பார்ப்பதுதான் கணக்கு, முடியில் பார்ப்பது அல்ல. ஒரு டெசிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம் வந்தது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 5ஐத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது, அமெரிக்காவில் 2021இல் அந்த எல்லையை 3.5 ஆகக் குறைத்தார்கள். 6 என்பது பயந்து ஓட வேண்டிய அளவு இல்லை, உடம்பிலிருந்து ஈயத்தை இழுக்கும் சிகிச்சையெல்லாம் 45ஐத் தொட்டால்தான் யோசிப்பார்கள், அதுவும் ஆஸ்பத்திரியில் வைத்து. இந்த அளவில் செய்ய வேண்டியது வழியை அடைப்பதும் இரும்பும் கால்சியமும் கொடுப்பதும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளையின் குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று பின்னியவை.

வழியைத் தேடியபோது இரண்டு சந்தேகம் வந்தது. ஒன்று, அத்தை தினமும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு. அது வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது, நல்லது கிடைத்தால் பயமில்லை. ஆனால் மலிவாக விற்பதில் காரீயம், அதாவது ரத்தத்தில் பார்த்த அந்த ஈயம், கலந்திருந்தால் கண்ணால் பார்த்துச் சொல்ல வழியே இல்லை, புளித்தண்ணீர் கொதிக்கும்போது அது கரைந்து ரசத்தில்தான் இறங்கும். எங்கள் சொம்பு திருவிழாக் கடையில் வாங்கியது. பரணில் ஏற்றிவிட்டோம். அத்தைக்கு மனம் ஆறவில்லை, எவர்சில்வர் ரசம் ரசமா என்று இன்றும் கேட்கிறார். இன்னொன்று, பழைய ஜன்னல் கம்பியின் பெயின்ட். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் வீட்டுக் கம்பி அதற்கெல்லாம் முந்தியது, உரிந்து உரிந்து விழும், மகன் அந்தத் திண்டில் நின்று கம்பியை நக்குவான். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. என் வளைகாப்புக்கு வீட்டை அழகாக்குகிறோம் என்று அதே கம்பிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். வீடு முழுக்கத் தூசி. ஏழாம் மாதத்தில் அதைக் கூட்டிப் பெருக்கியது நான். தாயின் ரத்தத்தில் உள்ள ஈயம் தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போகும். உங்கள் வீட்டில் வளைகாப்புக்கோ பிள்ளை வரப்போகிறது என்றோ பழைய பெயின்டைச் சுரண்டப் போகிறார்கள் என்றால், கர்ப்பிணி அந்த வாரம் வேறு வீட்டில் இருக்கட்டும். சுரண்டும்போது தண்ணீர் தெளித்து ஈரமாகச் செய்யச் சொல்லுங்கள், பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

நர்ஸம்மா கொடுக்கும் கால்சியம் மாத்திரையை வாய்க்குப் பிடிக்கவில்லை என்று கோழிக்குப் போடுகிறவர்களை நான் அறிவேன். கர்ப்பத்தில் கால்சியம் போதாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து அதை எடுக்கும், சின்ன வயதிலிருந்து எலும்பில் ஒளிந்திருக்கும் ஈயமும் கூடவே கிளம்பி ரத்தத்துக்கு வரும். அந்த மாத்திரை பிள்ளையின் எலும்புக்கு மட்டும் இல்லை.

மகனுக்குக் கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் (ஏ.டி.எச்.டி.) என்று முடிவாகச் சொன்னது நான்கரை வயதில். மாத்திரை கொடுக்கவில்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதல் சிகிச்சை பெற்றோருக்குக் கொடுக்கும் பயிற்சிதான், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது என்றார் டாக்டரம்மா. என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தூரத்திலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். செய்த உடனே, அந்த நொடியே பாராட்ட வேண்டும், சாயங்காலம் அப்பாவிடம் சொல்கிறேன் என்பதெல்லாம் அந்த வயதுக்கு எட்டாது. காலையில் எழுவதிலிருந்து படுப்பது வரை படம் வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும். அவன் கத்தினால் வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். இதுதான் எங்கள் வீட்டில் கஷ்டம். நான் மறுத்ததை மாமா பின்பக்கம் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்துவிடுவார். அடுத்த முறை மாமாவையும் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவரிடம் நேராகப் பேசியதும் மாறினார், நான் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. கணவர் வீடியோ காலில் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கதை சொல்லத் தொடங்கினார், எட்டரைக்கு விளக்கு அணையும். தூக்கம் சரியானதும் பகலில் கடிப்பது பாதி குறைந்தது. இரும்புச்சத்து ஏறியது, ஈயம் அடுத்த வருஷம் 3.9க்கு வந்தது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

இப்போது கர்ப்பமாக இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என் ஓரகத்தி போன சம்பாவில் கர்ப்பம், அவளுக்கு நாங்கள் செய்ததையே எழுதுகிறேன். வீட்டைச் சுற்றி வயல் வைத்திருப்பவர்களிடம் முன்கூட்டியே போய்ப் பேசினோம். “அண்ணே, வீட்ல மாசமா இருக்கா, அடிக்கிறதுக்கு மொத நாள் ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்று கேட்டால் நம் ஊரில் யாரும் முகம் சுளிப்பதில்லை. காற்று அடங்கிய காலை நேரத்தில் அடிக்கச் சொல்லலாம். அன்றைக்கு ஜன்னலைச் சாத்தி, கொடியில் இருக்கும் துணியை உள்ளே எடுத்து, தண்ணீர்க் குடங்களையும் தொட்டியையும் மூடிவிட்டு, அவளை உள் தெருவில் இருக்கும் சின்ன மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ட்ரோன் வந்த பிறகு கொஞ்ச நேரத்தில் பல ஏக்கர் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், சாரல் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை, அதனால் ட்ரோன்காரரிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போவது எப்படியும் உண்டு. அவள் அம்மா வீடு கும்பகோணம் டவுன் பக்கம். கதிர் வரும் பருவத்தில் மருந்து அதிகம் என்பதால் சடங்கைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்தோம். ஒருவர் மட்டும் கடைசி வரை சொல்லாமலேதான் அடித்தார், அவர் வயல் மேற்கே, காற்றும் மேற்கிலிருந்துதான். அவரோடு சண்டை போட்டும் பயன் இல்லை, ஸ்பிரேயர் சத்தம் கேட்டதும் கிளம்பிவிடுவதுதான் வழி.

மருந்தடித்த ஆள் வீட்டுக்குள் வருமுன் போர் செட்டிலேயே குளித்துவிட்டு வர வேண்டும். அந்தத் துணியைக் கர்ப்பிணி தொடவே கூடாது, வேறு ஆள் தனியாக, தனி வாளியில் துவைக்க வேண்டும், பிள்ளைத் துணியோடு சேர்க்கக் கூடாது. கொழுந்தனார் இப்போது தானே துவைத்துக்கொள்கிறார். டப்பாவில் ஒரு சாய்சதுரம் இருக்கும், கீழ்ப்பாதியில் நிறம் பார்க்கலாம்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்காமல், பச்சையிலோ நீலத்திலோ இதற்கு மருந்து இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். எல்லாப் பூச்சிக்கும் மருந்து தேவையும் இல்லை, வேளாண்மை அலுவலர் வயலைப் பார்த்துச் சொல்வார். குளோர்பைரிபாஸை கலிபோர்னியாவிலும் ஐரோப்பாவிலும் 2020இல் நிறுத்திவிட்டார்கள். 2025 மே மாதம் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், சில பயன்பாடுகளுக்கு விலக்கு வைத்து, ஒழிக்க வேண்டிய பட்டியலில் அதைச் சேர்த்தன. எங்கள் பக்கத்துக் கடைகளில் இன்னும் கேட்டால் கிடைக்கிறது. வீட்டை ஒட்டிய பத்தடிக்கு மட்டுமாவது வேப்பெண்ணெய்க் கரைசலோடு நிறுத்துவது என்று கொழுந்தனார் ஒப்புக்கொண்டிருக்கிறார், அந்தப் பத்தடியில் கொஞ்சம் நெல் போனால் போகட்டும். காலி டப்பாவில் மண்ணெண்ணெய், தண்ணீர் என்று எதையும் பிடித்து வைக்காதீர்கள், ஓட்டை போட்டுவிடுங்கள்.

கொசுவத்திக்குப் பதில் வலை. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவு என்று 2003இல் ஓர் ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார்கள். மூடிய அறையில் ராத்திரி முழுக்க அதுதான். நல்ல வலை 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நெல் அவிக்கும் நாளிலும் போகிக்கு டயர் கொளுத்தும் நாளிலும் வைக்கோல் எரிக்கும் நாளிலும் கர்ப்பிணியைப் புகை வராத பக்கம் உட்கார வைக்க முடியும். மீனை விட்டுவிடாதீர்கள், பிள்ளையின் மூளைக்கு அது நல்லது. பெரிய சுறாவும் வஞ்சிரமும் பாதரசம் அதிகம் சேர்பவை, அதற்குப் பதில் மத்தியும் நெத்திலியும் போதும். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தில் இருக்கும் மஞ்சள் கிழங்கையும் தூளையும் தவிருங்கள். பங்களாதேஷில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த ஈயம், நிறத்துக்காக மஞ்சளில் பூசிய ஈயச் சாயத்திலிருந்து வந்தது என்று 2019இல் கண்டுபிடித்தார்கள். தாய்ப்பால் கொடுக்கலாமா என்று ஓரகத்தி பயந்தாள். டாக்டரம்மாவிடம் கேட்டேன், தயங்காமல் கொடுக்கச் சொன்னார்.

என்னைப் போல் பிள்ளை பிறந்த பிறகு இதைப் படிப்பவர்கள் முடிப் பரிசோதனைக்கும் நச்சு நீக்கத்துக்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். காது, ஹீமோகுளோபின், ரத்தத்தில் ஈயம், இந்த மூன்றையும் பாருங்கள், இடையீட்டு மையத்தில் பெயரைப் பதியுங்கள், இரண்டு வயதிலேயே போங்கள். பள்ளியில் சேர்க்கும்போது டாக்டர் எழுதிய தாளைக் கையில் கொண்டுபோய், முன் பெஞ்சில் உட்காரவைக்கவும் நடுநடுவே எழுந்து ஒரு வேலை செய்ய அனுப்பவும் கேளுங்கள். எங்கள் ஊர் அரசுத் தொடக்கப்பள்ளி டீச்சர் கேட்டவுடன் ஒப்புக்கொண்டார். அவன்தான் இப்போது வகுப்புக்குச் சாக்பீஸ் எடுத்து வருகிறவன். அடகு வைத்த செயின் இன்னும் மீளவில்லை, அடுத்த போனஸில் மீட்டுவிடலாம் என்று கணவர் சொல்லியிருக்கிறார்.